இயக்கிய கைகள் இயற்றும் கைகளாக வேண்டும்

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, கண்டி நீதிமன்ற அலுவல்களை முடித்துக்கொண்டு நான் திரும்பிய வேளையில், என் அலுவலக வாயிலில் தகப்பனும் மகனுமாக இருவர் காத்திருந்தனர். தகப்பனார் ஹேவாஹெட்டப் பகுதித் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் ‘பிட்டர்’ வேலை பார்த்தவர். மகன் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பொறியியல் தொழினுட்பவியலைக் கற்றுச் சித்தியெய்தியவன். இருவரும் ஒரே தொழிற்சாலைக்கு வேலை கேட்டு விண்ணப்பித்திருந்தனர். இருவருமே திருப்பி அனுப்பப்பட்டனர். தகப்பனாரிடம் சான்றிதழ் இல்லையாம். மகனுக்குக் கைப்பழக்கம் இல்லையாம்.

“ஐயா, ரோலர் ஓடுற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு சொல்லிருவேன். ஆனா கையில ஒரு காகிதம் இல்லீங்க” என்றார் தகப்பனார். மகன் தலைகுனிந்து நின்றான். கடைசல் இயந்திரத்தின் படத்தை அவன் புத்தகத்திற் கண்டிருக்கிறான். அதன் உறுப்புகளின் பெயர்களைப் பரீட்சையிற் பிழையின்றி எழுதியிருக்கிறான். அந்த இயந்திரத்தை ஒரு முறையேனும் தொட்டவனல்லன்.

சட்டத்தின் துணைகொண்டு அன்று நான் அவர்களுக்குச் செய்யக்கூடியதாக எதுவும் இருக்கவில்லை. வேலைக்குத் தகுதி கேட்பது வேலைகொள்வோரின் உரிமை. ஆனால், அவர்கள் சென்ற பின்னரும் அந்தக் காட்சி என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஒரே லயத்தறைக்குள்ளே ஓர் அறிவு இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது. தகப்பனிடம் கை உண்டு, ஏடு இல்லை. மகனிடம் ஏடு உண்டு, கை இல்லை. இந்தப் பிளவு அந்த வீட்டின் துன்பம் மட்டுமா? மலையகத் தமிழ் மக்களின் துன்பமன்றோ? இன்னும் சொல்லப்போனால், இத்தீவில் வாழும் தமிழ் பேசும் மக்கள் அனைவரினதும் குறையன்றோ?

விறாந்தையிற் பிறந்த தொழில்

எந்திரத் தொழில் கண்டிச் சீமைக்குப் புதிதன்று. 1854ஆம் ஆண்டிலேயே ஜோன் வோக்கர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியிற் பட்டறை அமைத்தார். கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரங்களால் அவருடைய நிறுவனம் புகழ் பெற்றது. பின்னர் கொழும்புக்குப் பெயர்ந்து பெருநிறுவனமாகிய வோக்கர் அன்ட் சன்ஸ் பிறந்த இடம் கண்டிதான்.

1869இல் வெளிப்பட்ட இலைநோய் கோப்பியைச் சிறிது சிறிதாக அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். அத்தோட்டம் கண்டிக்குத் தென்கிழக்கே, தெல்தோட்டைக்கும் ஹேவாஹெட்டவுக்கும் அண்மையில் இன்றும் இருக்கின்றது. அங்கே தொழிற்சாலையாக முதலில் விளங்கியது டெய்லரின் பங்களா விறாந்தை. மேசைகளின்மேற் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையிலான கையால் உருட்டித் திரித்தார்கள். மண் அடுப்புகளிற் கரியை மூட்டி, கம்பித் தட்டுகளில் இட்டு உலர்த்தினார்கள். 1872இல் அங்கே தொழிற்சாலை எழுந்தது. கொழுந்தை உருட்டுவதற்கு ஓர் இயந்திரத்தையும் டெய்லர் அமைத்தார்.

டெய்லரின் பெயர் வரலாற்றில் இருக்கின்றது, இருக்க வேண்டியதே. அவருடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் காலத்துத் தோட்டங்களை உழைத்து உருவாக்கிய தமிழகத்துக் கூலிமக்களின் கைகளுக்கு எந்தப் பதிவேட்டிற் பெயர் இருக்கின்றது?

தேயிலையின் பிற இயந்திரங்களையும் நோக்குவோம். உருட்டும் இயந்திரத்தைச் செம்மையாக்கியவர் வில்லியம் ஜாக்சன். 1870களில் அசாமில் அதனைச் சோதித்தார். ‘சிரோக்கோ’ உலர்த்தியைத் தந்தவர் சாமுவேல் டேவிட்சன். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் ‘சி.டி.சி.’ இயந்திரத்தை 1930களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அசாமில் தோட்டம் நடத்திய மெக்கெர்ச்சர். இவர்கள் தேவதூதர்கள் அல்லர். தேயிலைத் தோட்டத்தில் நின்று, அங்கு நடக்கும் வேலையைத் தம் கண்ணாற் கண்டவர்கள். அவர்களுக்கு வாய்த்தவை மூன்று. வேலையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு ஒன்று. மனத்திலே தோன்றியதை அளவோடு வரைந்து காட்டும் அறிவு மற்றொன்று. வரைந்ததைச் செய்து, பிழைத்தால் திருத்தி, மீண்டும் செய்து பார்ப்பதற்குப் பட்டறை இன்னொன்று. ஜாக்சனுக்கு இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரிலிருந்த மார்ஷல் நிறுவனம் துணை நின்றது. டேவிட்சனோ பெல்ஃபாஸ்ட் நகரிலே தம் சொந்தத் தொழிற்சாலையையே எழுப்பினார்.

இந்த மூன்றில் முதலாவது எம் மக்களுக்கு வேண்டிய மட்டும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக, இரவு பகலாக, அவர்கள் இயந்திரத்தின் அருகிலேயே நின்றார்கள். ஏனைய இரண்டும் அவர்களுக்கு எட்டவில்லை. அறிவுக் குறைவினால் எட்டாமற் போகவில்லை. கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் எட்டாமற் போயின.

பூட்டிய கதவுகள்

முதற் கதவைப் பூட்டியது சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இலேயே முடிவாயிற்று. எந்த நாள் எந்தப் புகையிரதத்தில் ஏற்றப்படுவோமோ என்று பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டிருப்பவன், பிள்ளைக்குப் பத்தாண்டுத் தொழிற்பயிற்சியைப் பற்றி எவ்வாறு சிந்திப்பான்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அந்த அவலம் முடிவுக்கு வந்தது.

இரண்டாவது கதவைப் பூட்டியது கல்வி அமைப்பு. 1945இல் இலவசக் கல்வி வந்தது. நாடு அதனை இன்றும் நன்றியோடு போற்றுகின்றது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்த ஏற்பாட்டுக்குப் புறத்தே விடப்பட்டன. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். ஒரு தலைமுறைக் காலம் எம் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

மூன்றாவது கதவைப் பூட்டியவர்கள் யார்? நாமே! இதனைச் சொல்ல நான் கூசவில்லை. கையில் எண்ணெய்க் கறை படிந்தால் அது தாழ்ந்த வேலை என்றும், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தால் அது உயர்ந்த வேலை என்றும் கருதும் மனப்பான்மை, சாதியின் வழியே எமக்கு வந்த நோயாகும். கொல்லனையும் தச்சனையும் வாசலில் நிறுத்திப் பேசிய சமுதாயம், இன்று “எமக்கு ஏன் கண்டுபிடிப்பாளர்கள் இல்லை?” என்று வியப்பது வேடிக்கையல்லவா? வைத்தியர், பொறியியலாளர், வழக்கறிஞர் என்ற மூன்று சொற்களையே தாரகமந்திரமாக ஓதி, அவற்றை எட்டாத பிள்ளைகளையெல்லாம் தோற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த மூவருள் ஒருவனாகிய நானும் இந்தக் குற்றச்சாட்டுக்கு உட்பட்டவனே.

ஒரே மலை

கண்டியில் நின்று ஹந்தானை மலையைப் பாருங்கள். அதன் ஒரு புறத்து அடிவாரத்திற் பேராதனைப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கின்றது. நாட்டின் புகழ்பெற்ற பொறியியற் பீடம் அங்கே இருக்கின்றது. மலைக்குச் செல்லும் வழியில், அடிப்படை விஞ்ஞானத்தை ஆராய்வதற்கென 1981இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவகம் இருக்கின்றது. இன்னும் மேலே சென்றால், மூடிக்கிடந்த ஹந்தானைத் தொழிற்சாலையிற் பின்னர் அமைக்கப்பட்ட தேயிலை நூதனசாலை. பழைய ரோலர்களும் உலர்த்திகளும் எஞ்சின்களும் அங்கே துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதே மலைச் சரிவிலேதான் எம் மக்களின் லயங்களும் இருக்கின்றன.

பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிறுவகம், இயந்திரங்கள், உழைப்பாளர் வீடுகள் ஆகிய நான்கும் ஒரே மலையில்! இத்தகைய அமைப்பு வேறு நாட்டில் இருந்தால் அந்த மலையே ஒரு தொழிற்கூடமாகியிருக்கும். இங்கோ, லயத்துச் சிறுவன் நூதனசாலையில் வேடிக்கை பார்க்கிறான். பல்கலைக்கழகத்தை வேலிக்கு அப்பால் நின்று பார்க்கிறான். இடையிலே பாதையில்லை.

தோட்டத்து மக்கள் தொழிற்சாலையின் சக்கரத்திலும் ஒரு தெய்வத்தைக் கண்டார்கள். ரோதைமுனி என்று பெயரிட்டு, கையை இழுத்துவிடாதே, உயிரைக் குடித்துவிடாதே என்று வேண்டிக்கொண்டார்கள். ஆபத்தின் நடுவே உழைத்தவர்களின் அந்த வழிபாட்டை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ரோதை பாடப்புத்தகமாகவும் வேண்டும் என்பதே என் வாதம்.

மாணவனுக்கு வேண்டியவை எவை?

இக்காலக் கைத்தொழிலுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டால், பலரும் கணினி என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். கணினி வேண்டும், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வேண்டியவை உண்டு. என் அறிவுக்கெட்டிய வரையில் அவை நான்கு.

முதலாவது, அளத்தல். 100 கிலோ பச்சைக் கொழுந்து தொழிற்சாலைக்குள் சென்றால், ஏறத்தாழ 21 அல்லது 22 கிலோ தேயிலைத் தூளே வெளிவருகின்றது. மிகுதி எங்கே? பெரும்பாலும் நீராவியாய்ப் போயிற்று. வாட்டுதலில் எவ்வளவு போயிற்று, உலர்த்தியில் எவ்வளவு போயிற்று, அதற்காக எத்தனை கிலோ விறகு எரிந்தது? இந்த மூன்று கேள்விகளில் கணிதமும் பௌதிகமும் பொருளாதாரமும் ஒருங்கே இருக்கின்றன. வேணியர் இடுக்கிமானியையும் நுண்மானித் திருகுக்கணிச்சியையும் பரீட்சைத் தாளிற் கண்டாற் போதாது. தேய்ந்த அச்சுத்தண்டு ஒன்றை மாணவன் தன் கையால் அளந்து, மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு வித்தியாசம் இயந்திரத்தை எவ்வாறு நடுங்கச் செய்கின்றது என்று உணர வேண்டும்.

அளவின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவேன். வடமராட்சியிற் பிறந்து, பேராதனைப் பொறியியற் பீடத்திற் கற்பித்து, அதன் பீடாதிபதியாகவும் விளங்கியவர் பேராசிரியர் அழகையா துரைராசா. களிமண்ணை நாமெல்லாம் சேறென்று மிதித்துக் கடந்து போவோம். அவரோ அது சுமையின் கீழ் எவ்வாறு நெகிழ்கின்றது என்று கேம்பிரிட்ஜில் அளந்து ஆராய்ந்தார். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, மண் பொறியியலின் அடித்தளக் கட்டுரைகளுள் ஒன்றாக உலகெங்கும் மதிக்கப்படுகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. பெய்த மழையை அளந்து, எல்லை மீறும்போது ஒலியெழுப்பும் எளிய கருவியொன்றை உயர்தர மாணவன் செய்ய முடியும். இவ்விடத்தில் அளவு என்பது உயிர்காக்கும் செயலாகும்.

இரண்டாவது, வரைதல். வரைபடமே பொறியியலின் தாய்மொழி. ஒரு பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, மூன்று படங்களாக அளவோடு வரையத் தெரிந்தவன், தான் நினைத்ததை மொழி தெரியாத தேசத்துத் தொழிலாளிக்கும் விளக்கிவிடலாம். இன்று அந்த வரைபடத்தைக் கணினியில் வரைகிறார்கள். அதற்கு விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்களும் உண்டு. அந்த வரைபடத்தைப் படித்து உலோகத்தைத் தானே கடையும் ‘சி.என்.சி.’ இயந்திரமும், படலம் படலமாக அடுக்கிப் பொருளை உருவாக்கும் முப்பரிமாண அச்சியந்திரமும் வந்துவிட்டன. புசல்லாவையில் வரைந்ததைப் பல்லேகலையிலும் செய்யலாம், கோயம்புத்தூரிலும் செய்யலாம். வரையத் தெரியாதவனுக்கு அந்த இயந்திரங்கள் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, பிழை காணுதல். இயந்திரம் நின்றுவிட்டது, ஏன்? எம் வழக்கறிஞர் தொழிலிற் குறுக்கு விசாரணை என்று ஒன்றுண்டு. சாட்சியை ஒரே நேரத்தில் பத்துக் கேள்விகளாற் குழப்புவதில்லை. ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று உண்மையை நெருங்குவோம். இயந்திரத்தையும் அவ்வாறே விசாரிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இப்போது தொழிற்சாலைகளுக்கு வந்திருக்கும் நிறம் பிரிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விழுகின்ற ஒவ்வொரு துணுக்கையும் கமரா பார்க்கின்றது. காம்பு என்று கண்டால், கண்ணிமைக்கு முன் ஒரு சிறு குழாயிலிருந்து காற்று வீசி அதனை ஒதுக்குகின்றது. உள்ளே நடப்பது “இது நேர்ந்தால் அதனைச் செய்” என்னும் கட்டளையே. அந்தக் கட்டளையை எழுதவும், உணரியையும் மோட்டாரையும் இணைக்கவும் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்க முடியும். கற்பிக்காவிட்டால், அந்த இயந்திரம் பழுதாகும் ஒவ்வொரு முறையும் வெளியூரிலிருந்து ஆள் வரும் வரை தொழிற்சாலை கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

நான்காவது, எழுதி வைத்தலும் உரிமை காத்தலும். எத்தனை பிட்டர்மார் எத்தனை இயந்திரங்களிற் சிறு சிறு திருத்தங்களைச் செய்து அவற்றை நன்றாக ஓட வைத்திருப்பார்கள்! எழுதி வைத்தவர் யார்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், புதியதாயும், துறையறிந்தவருக்கும் எளிதிற் புலப்படாததாயும், கைத்தொழிலிற் பயன்படக்கூடியதாயும் உள்ள கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டு ஆக்கவுரிமை அளிக்கின்றது. விண்ணப்பிக்குமுன் அதனை ஊரறியக் காட்டிவிட்டால் அந்த உரிமைக்கே இடையூறு நேரலாம். 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டப்படி புத்தாக்குநருக்கென ஓர் ஆணைக்குழுவும் உண்டு. திகதியிட்டு எழுதிய ஒரு குறிப்புப் புத்தகம் நாளை நீதிமன்றிற் சாட்சியாகும் என்பதை மாணவன் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றோடு மொழியும் வேண்டும். சிந்திப்பதற்குத் தமிழ், உடன் உழைப்பவரோடு பழகுவதற்குச் சிங்களம், இயந்திரத்தோடு வரும் கைந்நூலைப் படிப்பதற்கு ஆங்கிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். நூல்களையும் கலைச்சொற்களையும் தமிழில் ஆக்கினார். அறுவைச் சிகிச்சையைத் தமிழிற் கற்பிக்க முடிந்த மண்ணில், அச்சுத்தண்டையும் பற்சக்கரத்தையும் தமிழிற் கற்பிக்க முடியாதா?

கோயம்புத்தூர் கூறும் சான்று

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோருக்குக் கோயம்புத்தூரைக் காட்டுவேன். 1893இற் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பிற் பெரிதாகத் தேறியவரல்லர். மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, வேலை செய்து பணம் சேர்த்து அதனை வாங்கி, பிரித்துப் பார்த்துக் கற்றார். 1920இற் பஸ் ஓட்டத் தொடங்கிய அவர், பின்னாளில் மின்சாரச் சவரக் கருவி முதலிய பலவற்றை உருவாக்கினார். 1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து, இந்தியாவிலேயே முதன்முதற் செய்யப்பட்டது என்று போற்றப்படும் மின்மோட்டாரைச் செய்தார். 1945இல் அந்நகரிற் பொறியியற் கல்வி நிலையம் தோன்றவும் காரணராக இருந்தார்.

அந்த மோட்டாருக்கு அங்கே வேலை கொடுத்தவன் யார்? விவசாயி! ஆழ்கிணற்றிலிருந்து நீரிறைக்க வேண்டிய உழவனின் தேவைதான் கோயம்புத்தூரைப் பம்புகளின் நகரமாக்கியது. அடுக்களையின் தேவையிலிருந்து 1955இற் சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தார். இன்று அது தமிழர் வாழும் நாடெங்கும் சுழல்கின்றது. உழவன் கேட்டான், பட்டறைக்காரன் செய்தான், கல்லூரி துணை நின்றது. கண்டியைச் சூழ மிளகும் கராம்பும் சாதிக்காயும் பயிரிடும் விவசாயிகளே, உங்கள் தேவையை எந்தப் பட்டறை கேட்டது? மழை பெய்தவுடன் முற்றத்து மிளகை அள்ளிக்கொண்டு ஓடுகிறீர்களே, அந்த ஓட்டத்தை நிறுத்தும் சிறிய உலர்த்தியை உங்கள் ஊர்ப் பாடசாலை ஏன் செய்து தரக்கூடாது?

இரண்டு எதிர்வாதங்கள்

இயந்திரம் வந்தால் வேலை போகும் என்பார்கள். இது வீண் அச்சமன்று. நிறம் பிரிக்கும் இயந்திரம் வந்த இடங்களில், காம்பு பொறுக்கிய பெண்களின் கைகளுக்கு வேலை குறைந்தது உண்மையே. ஆனால் நாம் கற்காமல் இருந்தால் இயந்திரம் வராமல் இருந்துவிடுமா? வரத்தான் போகின்றது. அதனை அறியாதவன் வெளியே நிற்பான். அறிந்தவன் உள்ளே நிற்பான். அதனை இயற்றத் தெரிந்தவனோ, செங்குத்தான சரிவிலே கொழுந்துச் சுமையோடு இறங்கும் தன் தாயின் முதுகுப் பாரத்தைக் குறைக்கும் கருவியை முதலிற் செய்வான். எந்த இயந்திரம் யாருக்காக வேண்டும் என்ற கேள்வியை எழுப்பும் தகுதி, அதனைச் செய்யத் தெரிந்தவனுக்கே முழுமையாக வாய்க்கும். இயந்திரத்தால் வரும் இலாபத்திற் பங்கு கேட்பது தொழிற்சங்கங்களின் கடமை; அந்தப் போராட்டத்தையும் இந்தக் கல்வி வலிமைப்படுத்தும்.

தொழிலாளியின் பிள்ளையை மீண்டும் தொழிலாளியாக்கப் பார்க்கிறீர்களா என்பது மற்றொரு வாதம். இதனைச் சொல்பவர்களின் வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் ஏணி எங்கே இருக்கின்றது என்று பார்க்க வேண்டும். 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பவியற் பிரிவு தொடங்கப்பட்டு, 2015இல் முதற் பரீட்சை நடந்தது. தேசிய தொழிற்றகைமையில் ஏழு படிகள் உண்டு. நான்காம் படி வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகர். இதற்கென 2008இற் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகமும் அமைத்தார்கள். கடைசல் பட்டறையிலிருந்து பட்டம் வரை சட்டப்படி வழி இருக்கின்றது. அந்த ஏணியின் முதற் படி தோட்டத்துப் பிள்ளையின் கால் எட்டும் உயரத்தில் இல்லை என்பதே எம் முறைப்பாடு.

நாம் கேட்பவை

ஆகவே அரசிடமும், மாகாண நிர்வாகத்திடமும், தோட்டக் கம்பனிகளிடமும் நாம் கேட்பவை இவை.

ஒன்று: மத்திய மாகாணத்தின் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களிற் சிங்களத்தில் நடைபெறும் ஒவ்வொரு பயிற்சிநெறியும் தமிழிலும் நடைபெற வேண்டும். ஆசிரியரும் தமிழில், நூலும் தமிழில், பரீட்சையும் தமிழில். இது சலுகையன்று. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளில் எதன் மூலமும் கல்வி பெறும் உரிமையை ஆளுக்கு அளிக்கின்றது. அதிலுள்ள விலக்கு, தேசிய மொழியல்லாத மொழியிற் கற்பிக்கும் உயர்கல்வி நிலையங்களுக்கே உரியது. சிங்களத்திற் பயிற்சி தரும் நிலையங்கள் அதன் நிழலில் ஒதுங்க முடியாது.

இரண்டு: ஒவ்வொரு சிறு பாடசாலைக்கும் பட்டறை கேட்டால் நிதியில்லை என்பார்கள். பல பாடசாலைகள் கூடிப் பயன்படுத்தும் பொதுப் பட்டறையொன்றை ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் அமையுங்கள். ஒரு கடைசல் இயந்திரம், அளவுக் கருவிகள், உருக்கி ஒட்டும் கருவி, சில கணினிகள், ஒரு முப்பரிமாண அச்சியந்திரம் போதும், தொடங்கலாம்.

மூன்று: தேயிலைத் தொழிற்சாலைகள் தம் கதவைத் திறக்க வேண்டும். தொழினுட்பவியல் கற்கும் மாணவன் ஆண்டிற் சில வாரங்களேனும் அங்கே பயில வேண்டும். அனுபவமிக்க பிட்டரையே போதனாசிரியராக ஏற்று, அதற்குரிய ஊதியத்தையும் வழங்க வேண்டும்.

நான்கு: செய்து செய்து கற்றவனின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முன்கற்றல் அங்கீகார முறை எம் நாட்டில் இருக்கின்றது. அதனைத் தோட்டங்களுக்குக் கொண்டு வாருங்கள். சோதனையைத் தமிழில் நடத்துங்கள். என்னைத் தேடிவந்த அந்தத் தகப்பனாருக்கு அதைப் பற்றி அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை.

எம் கடமை

கேட்பது மட்டும் அரசியலன்று. கொடுக்கவும் வேண்டும். பொறியியலாளர்களே, மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தோட்டப் பாடசாலைக்குக் கொடுங்கள். விவசாயிகளே, உங்கள் இடர்ப்பாடுகளை ஒரு கொப்பியில் எழுதி ஊர்ப் பாடசாலை ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகள் செய்து தரும் கருவி முதல் முறை பிழைத்தாற் பொறுத்துக்கொண்டு, இரண்டாம் முறையும் உங்கள் முற்றத்திற் சோதிக்க விடுங்கள். வழக்கறிஞர்களே, ஆக்கவுரிமை விண்ணப்பம் எழுதுவதற்கு மாணவரிடம் கட்டணம் வாங்காதீர்கள். நான் வாங்க மாட்டேன் என்று இதனால் அறிவிக்கிறேன்.

அந்தத் தகப்பனையும் மகனையும் பற்றி ஒரு சொல். முன்கற்றல் சோதனைக்கு விண்ணப்பிக்கும் வழியைத் தகப்பனாருக்கு எழுதிக் கொடுத்தேன். மகனிடம், “வேறு ஆசானைத் தேடி எங்கும் போகவேண்டாம். உன் தகப்பனார் கழற்றிப் பூட்டும் ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, திகதியிட்டு எழுது” என்றேன். சில மாதங்களின் பின் அவன் ஒரு கொப்பியோடு வந்தான். ரோலரின் உறுப்புகள் பக்கம் பக்கமாக அளவோடு வரையப்பட்டிருந்தன. ஓரிடத்தில் தகப்பனார் சொன்ன ஒரு திருத்தத்தையும் அவன் குறித்திருந்தான். அது புதுமையா, பழையதா என்பதை இனித்தான் ஆராய வேண்டும். ஆனால் அந்த வீட்டிற் கையும் ஏடும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன.

நவராத்திரியின் முடிவில் எம் வீடுகளிற் புத்தகத்தையும் ஆயுதத்தையும் ஒரே பீடத்தில் வைத்துப் பூசிக்கிறோம். மறுநாட் காலையிற் புத்தகம் ஒரு பிள்ளைக்கும், சுத்தியல் இன்னொரு பிள்ளைக்கும் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிரிவினையை இனியேனும் நிறுத்துவோம். இரண்டையும் ஒரே பிள்ளையின் கையிற் கொடுப்போம்.